பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர்: எப்படி ஓடுகிறது, ஏன் இத்தனை வருஷம் ஓடுகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தாத்தா வாங்கிய ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது, நான் வாங்கியது ஏழாவது வருஷமே காயலான் கடைக்குப் போய்விட்டது என்று புலம்பாத குடும்பம் குறைவு. அந்தப் புலம்பலில் பாதி நியாயம், பாதி ஞாபகத்தின் விளையாட்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காக இந்தக் கேள்வி-பதில். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே மெஷினைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: 1927-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த 'மானிட்டர் டாப்'. அதில் சில இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கம்ப்ரசர் என்ன வேலை செய்கிறது? அதுதான் குளிரை உண்டாக்குகிறதா?

குளிரை யாரும் உண்டாக்குவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறோம், அவ்வளவுதான். அள்ளுவதற்கு ஒரு திரவம் வேண்டும். எந்தத் திரவமும் கொதிக்கும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்றால், மானிட்டர் டாப்பில் இருந்த சல்ஃபர் டை ஆக்சைடு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 10 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃபிரீசர் காயிலுக்குள் அது கொதித்து ஆவியாகிறது, பெட்டி குளிர்கிறது.

அந்த ஆவியைத் திரும்பத் திரவமாக்கினால்தான் அடுத்த சுற்றுக்கு உதவும். வெளியே ஆவியை ஆறவைக்கும் குழாய்ச் சுருளான கண்டென்சர் 40 டிகிரி சூட்டில் இருந்தால், அங்கே ஆவி திரவமாக மாறக் காற்றழுத்தத்தைப்போல் ஆறு மடங்குக்குச் சற்று மேல் அழுத்தம் தேவை. ஃபிரீசர் பக்கம் குறைந்த அழுத்தம், கண்டென்சர் பக்கம் கூடின அழுத்தம். இந்த வித்தியாசத்தை விடாமல் காப்பாற்றும் பம்ப்தான் கம்ப்ரசர். ஒரு பக்கம் உறிஞ்சும், மறுபக்கம் அமுக்கித் தள்ளும்.

வீட்டு ஃபிரிட்ஜில் இதற்கு எட்டில் ஒரு பங்கு குதிரைத்திறன் மோட்டார் போதும். வேலை சின்னதுதான், ஆனால் அதை லட்சக்கணக்கான மணி நேரம் செய்ய வேண்டும்.

ஏன் மானிட்டர் டாப்பை உதாரணமாக எடுக்கிறீர்கள்?

மோட்டாரையும் பம்பையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து மூடி, வீட்டு உபயோகத்துக்கு லட்சக்கணக்கில் விற்றுக் காட்டிய முதல் மெஷின் அது. வடிவமைத்தவர் கிறிஸ்டியன் ஸ்டீன்ஸ்ட்ரப், டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பொறியாளர். பெட்டியின் தலைமேல் வட்டமாக ஒரு கூடு உட்கார்ந்திருக்கும். அது 1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட 'மானிட்டர்' என்ற இரும்புக் கப்பலின் பீரங்கி மேடை மாதிரியே இருந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் அது. கம்பெனி வைத்த பெயர் இல்லை.

விலை ஏறக்குறைய 300 டாலர். அன்றைக்கு அது ஒரு ஃபோர்டு காரின் விலையைத் தொடும் தொகை. அப்படியிருந்தும் 1931-க்குள் பத்து லட்சம் விற்றது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் இன்னொன்று. கம்ப்ரசர், கண்டென்சர், ஃபிரீசர் காயில் மூன்றும் சேர்ந்த மொத்த யூனிட்டும் பெட்டியின் மேலே உள்ள திறப்பு வழியாக இறங்கி உட்காரும். பழுது வந்தால் வாடிக்கையாளர் வீட்டில் யாரும் குழாயைப் பிரிக்க வேண்டாம். இரண்டு பேர் யூனிட்டைத் தூக்கிவிட்டு வேறொன்றை இறக்கிவிட்டுப் போகலாம். உள்ளே காற்றும் ஈரமும் போகும் வாய்ப்பே அங்கே இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கீழே வரும்.

அதற்கு முன்பு இருந்த ஃபிரிட்ஜ்களுக்கு என்ன குறை?

கெல்வினேட்டர், ஃபிரிஜிடேர் போன்றவை 1910-களிலேயே வந்துவிட்டன. அவற்றில் மோட்டார் வெளியே தனியாக நிற்கும். பெல்ட் போட்டுக் கம்ப்ரசரைச் சுற்றும். சுற்றுகிற தண்டு, கேஸ் நிறைந்த கூட்டுக்குள் ஏதோ ஓர் ஓட்டை வழியாகத்தானே போக வேண்டும்? அந்த இடத்தில் ஒரு சீல் இருக்கும். தண்டு சுற்றச் சுற்ற சீல் தேயும், கேஸ் கசியும்.

கசிந்தது விஷ வாயு என்பதுதான் சிக்கல். சல்ஃபர் டை ஆக்சைடுக்காவது மூக்கைத் துளைக்கும் நெடி உண்டு, ஆள் எழுந்து ஓடிவிடுவார். அன்றைக்கு ஃபிரிட்ஜ்களில் இருந்த இன்னொரு கேஸான மீதைல் குளோரைடுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. 1929-ல் சிகாகோவில் மீதைல் குளோரைடு கசிவால் பலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். பெர்லினில் இப்படி ஒரு குடும்பமே ஃபிரிட்ஜ் கசிவால் செத்துப்போன செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டீனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் சேர்ந்து, நகரும் பாகமே இல்லாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைத்தார்கள் என்று சொல்வார்கள். 1930-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இருந்தும் கடைக்கு வரவில்லை. கூட்டுக்குள்ளேயே மோட்டாரை வைத்துவிட்டால் தண்டு வெளியே வரவே வேண்டாம் என்ற எளிய யோசனை ஜெயித்துவிட்டது.

மூடிவிட்டால் மட்டும் ஆயுள் கூடிவிடுமா?

பாதி வெற்றி அங்கேதான். சாதாரண இயந்திரங்கள் எதனால் சாகின்றன என்று யோசியுங்கள். தூசி, துரு, ஈரம், கெட்டுப்போன எண்ணெய், எண்ணெய் போட மறந்த மனிதன். சீல் பண்ணிய கம்ப்ரசருக்குள் இவை எதுவும் இல்லை. ஆக்சிஜன் இல்லாததால் எண்ணெய் கெடாது. ஈரம் இல்லாததால் இரும்பு துருப்பிடிக்காது. ஃபேக்டரியில் ஊற்றிய எண்ணெய்தான் கடைசிவரை.

ஆனால் ஒரு நிபந்தனை: மூடும்போது உள்ளே சுத்தமாகவும் ஈரமே இல்லாமல் காய்ந்தும் இருக்க வேண்டும். சல்ஃபர் டை ஆக்சைடோடு தண்ணீர் சேர்ந்தால் அமிலம். பின்னால் வந்த ஆர்-12 (ஃபிரீயான்) கேஸோடு தண்ணீர் சேர்ந்து சூடானாலும் அமிலம். அது முதலில் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின், அதாவது வைண்டிங்கின், மேல் பூச்சைத் தின்னும். அதனால்தான் ஃபேக்டரியில் பாகங்களை அடுப்பில் காயவைத்து, உள்ளே இருந்த காற்றை வேக்கம் போட்டு உறிஞ்சியெடுத்துவிட்டு, பிறகே கேஸ் நிரப்பினார்கள்.

இதற்கு நேர்மாறான சோதனையை நம்மூரிலேயே பார்க்கலாம். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைக் கழற்றி, ஏர் பிரஷ்ஷுக்குக் காற்று அடிக்கப் பயன்படுத்துகிற ஓவியர்கள் இருக்கிறார்கள். சத்தமே இல்லாமல் அருமையாக ஓடும். ஆனால் மூடிய சுற்றில் இருந்தால் எண்ணெய் சுற்றி வந்து திரும்ப உள்ளே சேரும். இங்கே அது காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும், ஈரக்காற்றும் உள்ளே போகும். ஃபிரிட்ஜில் முப்பது வருஷம் ஓடிய அதே கம்ப்ரசர், கவனிக்காமல் விட்டால், இந்த வேலையில் வெகு சீக்கிரம் இறுகிப் போகும். மெட்டல் அதேதான், மாறியது சூழ்நிலை மட்டும்.

கூட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்?

அறுபது, எழுபதுகளின் கம்ப்ரசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் வெல்டிங் ஓடும் வரியோடு ரம்பம் போட வேண்டும். மேல்மூடியைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது ஸ்பிரிங்குகள். மோட்டாரும் பம்பும் சேர்ந்த கட்டி மூன்று நான்கு ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்கும். அதிர்வு கூட்டுக்கு வராமலிருக்க அந்த ஏற்பாடு. வெளியே போகும் குழாயைக்கூட நேராக விடாமல் சுருள் சுருளாக வளைத்திருப்பார்கள், ஆடும்போது முறியக் கூடாதே.

அடியில் எண்ணெய். நல்ல நிலையில் இருந்த கம்ப்ரசர் என்றால் அது தேங்காய் எண்ணெய் நிறத்திலிருந்து வெளிர் மஞ்சள் வரை தெளிவாக இருக்கும். வைண்டிங் எரிந்ததென்றால் டிகாஷன் மாதிரி கறுத்து, கூட்டைத் திறந்த உடனே காட்டமான அமில நாற்றம் அடிக்கும்.

பம்பைப் பிரித்தால் வார்ப்பிரும்பு உருளை, அதற்குள் கட்டைவிரல் பருமனுக்குச் சற்றே பெரிய பிஸ்டன். பல மாடல்களில் பிஸ்டனுக்கு ரிங்கே கிடையாது. உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் சந்து, அதை எண்ணெயே அடைத்துக்கொள்ளும். அப்புறம் வால்வு. வால்வு என்றதும் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், சவரப் பிளேடு மாதிரி மெல்லிய எஃகுத் தகடு. கேஸ் தள்ளினால் வளைந்து திறக்கும், திரும்ப அமுக்கினால் தானாக மூடிக்கொள்ளும். இந்த மெஷினில் சாக வாய்ப்பு அதிகமுள்ள உறுப்பு அதுதான். ஆனால் அதையும் எஃகின் தாங்கும் எல்லைக்கு வெகு கீழே வளையும்படி வைத்துவிட்டால் எத்தனை கோடித் தடவை வளைந்தாலும் முறியாது.

அத்தனை வருஷம் சுற்றியும் ஏன் தேய்வதில்லை?

இரும்பும் இரும்பும் தொடாததால். மழை நாளில் தார் ரோட்டில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறி மிதக்கிறதல்லவா, அதுபோல் தண்டு வேகம் பிடித்ததும் எண்ணெய்ப் படலத்தின் மேல் ஏறிக்கொள்ளும். தண்டின் அடிமுனை எண்ணெயில் முங்கியிருக்கும். அதில் வெட்டியிருக்கும் காடி வழியாகச் சுற்றும் வேகத்திலேயே எண்ணெய் மேலே ஏறி ஒவ்வொரு பேரிங்குக்கும் போய்ச் சேரும். ஓடும் நேரத்தில் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. தேய்வது ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியிலும் நிற்கும் அந்த ஒரு நொடியிலும்தான்.

பழையவை மெதுவாகச் சுற்றின என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். என் கணக்கில் ஆயுளுக்கான காரணங்களில் இதற்கு முன்வரிசை இடம் உண்டு. பழைய கம்ப்ரசர் மோட்டார்களில் நான்கு துருவங்கள். அமெரிக்க மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,725 சுற்று, நம் 50 ஹெர்ட்ஸில் 1,440 சுற்று. பிற்பாடு இரண்டு துருவ மோட்டார் வந்தது. வேகம் இரட்டிப்பானது, நம்மூரில் 2,900-ஐ ஒட்டி. இரட்டிப்பு வேகம் என்றால் அதே கேஸைத் தள்ளப் பாதி அளவு பிஸ்டன் போதும். இரும்பு மிச்சம், செம்பு மிச்சம், எடை மிச்சம், விலை மிச்சம்.

ஒரு கணக்குப் போடுவோம். நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்றால் 1,440 சுற்று மெஷின் ஒரு நாளைக்கு 10 லட்சத்துக்குச் சற்று மேல் சுற்றும், வருஷத்துக்கு ஏறக்குறைய 38 கோடி. நாற்பது வருஷத்தில் 1,500 கோடி. அதே தூரத்தை இரட்டை வேக மெஷின் இருபது வருஷத்தில் ஓடி முடித்துவிடும். வால்வுத் தகடு தன் இருக்கையில் அறையும் வேகமும் அங்கே அதிகம். வேகமாகச் சுற்றுவதெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. நன்றாகச் செய்த இரண்டு துருவக் கம்ப்ரசர்களும் முப்பது வருஷம் ஓடியிருக்கின்றன. ஆனால் மெதுவான மெஷின் சின்னச் சின்னத் தப்புகளை மன்னிக்கும், வேகமானது மன்னிக்காது.

சூடு எவ்வளவு முக்கியம்?

மோட்டார் வைண்டிங்குக்கு ஒரு பழைய விதி உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும். தோராயமான விதிதான், ஆனால் எலெக்ட்ரிக்கல் ஆட்கள் எல்லோரும் இன்றும் மனதில் வைத்திருப்பது. கம்ப்ரசரைச் சுவரோடு ஒட்டிய பொந்தில், தூசி படிந்த கண்டென்சருக்கு அடியில் வைத்தால் பத்து இருபது டிகிரி சர்வசாதாரணமாக ஏறும்.

மானிட்டர் டாப்பில் கம்ப்ரசர் தலைமேல் திறந்த வெளியில் இருந்தது. சூடு தானாக மேலே போய்விடும், ஃபேன் தேவையில்லை. அழகாக இல்லை என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். முப்பதுகளில் எல்லாக் கம்பெனியும் மெஷினைக் கீழே ஒளித்துவைக்கப் போய்விட்டது. அழகுக்குக் கொடுத்த விலை சில டிகிரி சூடு.

ஓடும்போது சாவதில்லை என்றால் கம்ப்ரசர் எப்போதுதான் சாகிறது?

பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும்போது. மோட்டாரில் இரண்டு வைண்டிங் உண்டு, ஓட ஒன்று, கிளம்ப ஒன்று. கிளம்பும் வைண்டிங்கை ரிலே ஒரு நொடிக்கு மட்டும் சேர்த்துவிட்டு வெட்டிவிடும். அந்த நொடியில் மோட்டார் இழுக்கும் கரண்ட் சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு.

இப்போது நம்மூர் நிலைமையைப் பாருங்கள். கரண்ட் போய் ஒரு நிமிடத்தில் வருகிறது. கண்டென்சருக்கும் ஃபிரீசருக்கும் நடுவே கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் வைத்த ஃபிரிட்ஜில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கரண்ட் வந்தால் மோட்டார் முழு அழுத்தத்துக்கு எதிராகக் கிளம்ப வேண்டும். முடியாது. 'ம்ம்ம்' என்று முனகும், சில நொடியில் 'டக்' என்று ஓவர்லோட் என்ற காப்பு சுவிட்ச் கரண்டை வெட்டும். ஆறியதும் திரும்ப முனகல், திரும்ப 'டக்'. அந்தச் சத்தம் கேட்டால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

லோ வோல்டேஜ் இதைவிடக் கொடுமை. மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 இருந்தால் இழுவிசை குறைவது கால்பங்கு இல்லை, கிட்டத்தட்ட பாதி. அந்தக் காலத்து வீடுகளில் ஃபிரிட்ஜ் தலையில் ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருந்தது அலங்காரத்துக்கு அல்ல. நம் பக்கம் பல பழைய கம்ப்ரசர்களின் நீண்ட ஆயுளில் பாதிப் புண்ணியம் அந்தத் தகரப் பெட்டிக்குத்தான் என்பேன்.

ஃபிரீயான் கேஸ் வந்ததும் என்ன மாறியது?

விஷ பயம் போனது. அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லியின் குழு 1928-ல் ஃபிரீயானைக் கண்டுபிடித்தது. 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அவர் அந்த வாயுவை மூச்சில் இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். எரியாது, விஷமில்லை என்று இரண்டையும் ஒரே ஊதலில் நிரூபித்துவிட்டார். ஓசோன் படலத்துக்கு அது என்ன செய்யும் என்று தெரிய இன்னும் நாற்பது வருஷம் ஆனது.

கம்ப்ரசரின் கோணத்தில் ஆர்-12 ஒரு நல்ல தோழன். மினரல் ஆயிலோடு நன்றாகக் கலக்கும், எண்ணெயைச் சுமந்துகொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அழுத்தம் மட்டும் சல்ஃபர் டை ஆக்சைடைவிடக் கூடுதல், 40 டிகிரியில் ஒன்பது மடங்குக்கு மேல்.

அந்தக் காலத்தில் எல்லாமே தரமாகச் செய்தார்கள், இப்போது வேண்டுமென்றே கெட்டுப்போகிற மாதிரி செய்கிறார்கள். சரிதானே?

முழுக்கச் சரியில்லை. முதலில், இன்று நம் கண்ணில் படும் பழைய ஃபிரிட்ஜ்கள் தப்பிப் பிழைத்தவை மட்டும். கூட விற்றவற்றில் பெரும்பாலானவை எப்போதோ உருக்காலைக்குப் போய்விட்டன. அவற்றைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

இரண்டாவது, அன்றைய பொறியாளருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு பாகம் எவ்வளவு தாங்கும் என்று நுணுக்கமாகக் கணக்கிட முடியாதபோது தாராளமாக இரும்பைப் போட்டுவிடுவார். அந்தத் தாராளம்தான் நமக்கு ஆயுளாகத் தெரிகிறது. போதாததற்கு, முப்பதுகளில் சீல் பண்ணிய பகுதிக்கு ஐந்து வருஷம் பொறுப்பு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஒரு யூனிட் போனால் மொத்தமாகத் தூக்கி மாற்ற வேண்டும், செலவு கம்பெனித் தலையில். இரும்பை மிச்சம் பிடிப்பதைவிடப் போடுவதே லாபமாக இருந்தது.

இந்தக் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஜெனரல் எலெக்ட்ரிக்கே சாட்சி. 1986-ல் டென்னசி மாநிலம் கொலம்பியாவில் புது ஃபேக்டரி கட்டி, பிஸ்டனுக்குப் பதில் சுழலும் உருளையால் கேஸை அமுக்கும் ரோட்டரி கம்ப்ரசர் செய்தார்கள். உள்ளே இரண்டு சின்னப் பாகங்களை எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும் பதிலாகப் பொடி உலோகத்தை அழுத்திச் செய்தார்கள். செலவு குறைவு. மாதக்கணக்கில் ஓடவிட்டுச் சோதித்தார்கள், எதுவும் நிற்கவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்த டெக்னீஷியனுக்கு நிறம் மாறிய செம்பு, தேய்ந்த பேரிங், கறுத்த எண்ணெய்க் கசடு எல்லாம் தெரிந்தது. அந்தச் சேதி மேலே போய்ச் சேரவில்லை. வீடுகளுக்குப் போன பிறகு கம்ப்ரசர்கள் வரிசையாக விழுந்தன. பத்து லட்சத்துக்கும் மேல் மாற்றிக்கொடுத்தார்கள். 1988 கணக்கில் 45 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். வேண்டுமென்றே யாராவது இப்படிச் செய்வார்களா? இது சதி இல்லை. மிச்சம் பிடிக்கும் ஆசை, கூடவே கறுத்த எண்ணெயைப் பார்த்தும் பதறாத மெத்தனம்.

அப்படியானால் ரோட்டரி என்றாலே மோசமா?

இல்லவே இல்லை. ஃபிரிஜிடேர் 1933-ல் கொண்டுவந்த 'மீட்டர் மைசர்' ரோட்டரிதான். அதில் பல அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடின. குறை வடிவத்தில் இல்லை, உலோகத்திலும் எண்ணெய் சேரும் விதத்திலும்.

பழைய ஃபிரிட்ஜ் கரண்டை விழுங்கும் என்பது உண்மையா?

எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. முப்பது, நாற்பதுகளின் பெட்டி சின்னது. ஃபேன், ஹீட்டர், தானாகப் பனி உருக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. அதனால் மொத்தச் செலவு பயமுறுத்தும் அளவுக்கு இருக்காது. மோசமான காலம் எழுபதுகள்தான். பெரிய பெட்டி, மெல்லிய சுவர், பனி உருக்க ஹீட்டர். அமெரிக்காவில் அப்போது ஒரு ஃபிரிட்ஜ் வருஷத்துக்குச் சராசரியாக 1,800 யூனிட் வரை தின்றது. இன்று அதைவிடப் பெரிய பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக எடுத்துக்கொள்கிறது. ஆயுளுக்காகப் பழையதைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர்கள் நீடிக்குமா?

தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரசர் அது. மெக்கானிக்கல் பகுதியைப் பொறுத்தவரை பழைய வழிக்குத் திரும்பிய மாதிரிதான். மெதுவாக, நீண்ட நேரம் ஓடும். அடிக்கடி நின்று கிளம்பாது. கிளம்பும்போதும் இழுத்து அறையாமல் மெல்ல வேகம் பிடிக்கும். இரும்பு நீடிக்கும் என்றே நம்புகிறேன். பயம் எலெக்ட்ரானிக் போர்டில்தான். இடி மின்னலுக்கும் வோல்டேஜ் துள்ளலுக்கும் முதலில் விழுவது அது. பத்து வருஷம் கழித்து அதே மாடலுக்குப் போர்டு கிடைக்குமா என்று வாங்கும்போதே கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பதிலைவிட அவர் முகம் தெளிவாகச் சொல்லும்.

எங்கள் வீட்டில் பழைய ஆர்-12 ஃபிரிட்ஜ் இருக்கிறது. கேஸ் போய்விட்டது. என்ன செய்யலாம்?

இந்தியாவில் ஃபிரிட்ஜ் உற்பத்தி 1958-ல் கோத்ரெஜ்ஜோடு தொடங்கியது. பிறகு ஆல்வின், கெல்வினேட்டர் எல்லாம் வந்தன. தொண்ணூறுகள் வரை பெரும்பாலும் ஆர்-12தான். ஓசோனைக் காக்க நாடுகள் செய்த மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகளும் 2010-ல் அதைக் கைவிட்டாயிற்று, புதிதாக வராது.

மெக்கானிக் அதற்குப் பதிலாக ஆர்-134ஏ கேஸ் போடலாம் என்பார். அது பழைய மினரல் ஆயிலோடு கலக்காது. எண்ணெய் காயிலில் தங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்துபோகும். எண்ணெயையும் மாற்றாமல் அதைப் போடச் சம்மதிக்காதீர்கள். புது ஃபிரிட்ஜில் இருக்கும் ஆர்-600ஏ-வைத் தனியாகப் போட்டால் ஓடும், ஆனால் பழைய பிஸ்டன் அளவுக்குக் குளிர்ச்சி பாதிதான் வரும். புரோப்பேனும் ஐசோபியூட்டேனும் சரிபாதி கலந்த கேஸ் அழுத்தத்தில் ஆர்-12-க்கு ஒத்துப்போகும், எண்ணெயோடும் சேரும். ஆனால் அது எரியும் வாயு. பெட்டிக்குள் தீப்பொறி விடக்கூடிய தெர்மோஸ்டாட்டும் லைட் சுவிட்சும் இருக்கின்றன. இந்த வேலையில் பழகின ஆள் செய்தால் மட்டும் சரி.

எந்தக் கேஸ் என்றாலும் இரண்டு விஷயம் கேளுங்கள்: லீக் எங்கே என்று கண்டுபிடித்து அடைத்தாயிற்றா? ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாகப் போட்டு, நன்றாக வேக்கம் எடுத்த பிறகு கேஸ் ஏற்றுகிறாரா? ஐந்து நிமிடத்தில் கேஸை அடித்துவிட்டுக் கிளம்புகிறவர் உள்ளே ஈரத்தையும் வைத்துவிட்டுத்தான் போகிறார். நாற்பது வருஷம் உழைத்த கம்ப்ரசரை நான்கு மாதத்தில் கொல்ல அது போதும்.

பழைய ஃபிரிட்ஜை வாங்கி ஓடவிட ஆசை. எதைப் பார்க்க வேண்டும்?

கம்ப்ரசரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் வயர். அறுபது வருஷ ரப்பர் இன்சுலேஷன் விரல் பட்டாலே உதிரும். புது வயர் போட்டு எர்த் கொடுங்கள். அடுத்தது கதவு ரப்பர். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும்.

கதவில் கொக்கி மாட்டும் பழைய தாழ்ப்பாள் இருந்தால் அதைச் செயலிழக்கச் செய்த பிறகுதான் மற்ற வேலை. விளையாடும் குழந்தைகள் உள்ளே போய் மாட்டிக்கொண்டு இறந்த சம்பவங்களால் 1956-ல் அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது. இன்றைய காந்த ரப்பர் கதவு பரவியது அதற்குப் பிறகுதான்.

கொண்டுவரும்போது நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். படுக்கவைத்து விட்டால் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டு, பிறகு சுவிட்ச் போடலாம். இல்லாவிட்டால் பிஸ்டன் கேஸுக்குப் பதில் எண்ணெயை அமுக்கப் பார்க்கும். திரவம் அமுங்காது, வால்வுத் தகடு முறியும்.

சல்ஃபர் டை ஆக்சைடு மெஷின் கையில் கிடைத்தால் தீக்குச்சி உரசும்போது வரும் அந்த நெடி லேசாக வந்தாலும் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வீட்டுக்குள் அதைப் பிரிக்கும் யோசனையே வேண்டாம்.

இனிமேல் ஓடாது என்று முடிவாகிவிட்டது. அப்படியே காயலான் கடையில் போட்டுவிடலாமா?

கேஸை எடுத்த பிறகு போடுங்கள். செம்புக்காகக் குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் ஆர்-12 முழுக்கக் காற்றில் கலக்கும். ஒரு கிலோ ஆர்-12 சூட்டைப் பிடித்துவைப்பதில் பத்தாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஓசோன் சேதம் தனி. கேஸை சிலிண்டரில் உறிஞ்சி எடுக்கும் ரெக்கவரி மெஷின் பெரிய ஏ.சி. சர்வீஸ் ஆட்களிடம் இருக்கும், விசாரியுங்கள். கம்ப்ரசர் மட்டும் நன்றாக இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். நான்கு துருவக் கம்ப்ரசர் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழற்றியவுடன் இரண்டு குழாய் முனையையும் நசுக்கி அடைத்துவைக்கச் சொல்லுங்கள், திறந்து கிடந்தால் ஒரே மழைக்காலத்தில் உள்ளே துரு ஏறிவிடும்.